மலைப்பக்கச் சுவர்

பெங்குவின்கள் கரையேறும் கடலோர ஊரான ஓமருவில், மலைச்சரிவை வெட்டிக் கட்டிய பழைய கல்வீட்டில் நைரியும் அவள் கணவன் டெஸ்ஸும் இருந்தார்கள். நைரி பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். பின்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம் களிமண் மேடு; மேட்டுக்கு அப்பால் மலைதான். ஈரம் ஊறி உதிர்ந்துகொண்டிருந்த அந்தச் சுவரை உரித்துப் புதிதாகப் பூச வைத்திருந்தார்கள். பூச்சு காய்ந்து வெளுத்ததும், பள்ளி விடுமுறையில் நைரி வண்ணம் அடிக்க இறங்கினாள்.

உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். சரக், சரக். மூக்கில் தூசி ஏறியது. தும்முவதற்குக் கையை எடுத்தாள். ஓசை இன்னும் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத்தான் நின்றது.

மறுபடி தேய்த்தாள். சுவருக்குள்ளிருந்து, அவள் கைக்கு நேராக, அதுவும் தேய்த்தது. சட்டென்று நிறுத்தினாள். அதுவும் நின்றது, கொஞ்சம் பிந்தி.

"டெஸ்! இங்க வாயேன்!"

டெஸ் தேநீர்க் கோப்பையோடு வந்தான். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான். "பெங்குவின்தான். மேட்டுல வளை தோண்டியிருக்கும். மீன்கடைக்காரன் வீட்டுக்கடியில குடித்தனமே நடத்துச்சே!"

"பட்டப்பகல்லயா? அதுங்க இந்நேரம் கடல்ல இருக்கும்."

"இது சோம்பேறிப் பெங்குவின். என் ஜாதி."

நைரி சிரிக்கவில்லை. உப்புத்தாளை அவன் கையில் திணித்தாள். "நீயே தேய்ச்சுப் பாரு."

தேய்த்தான், நிறுத்தினான். உள்ளே இன்னும் ஓர் இழுப்பு கேட்டது. கோப்பையை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, மண்வெட்டியைத் தேடிப் போனான்.

சுவரின் கல் தெரியும்வரை மேட்டை வெட்டினான். வளை இல்லை, பொந்து இல்லை. பிசுபிசுவென்று களிமண்ணும் வேரும்தான்.

"இந்த அறையைப் பூட்டிடலாம் நைரி."

"என் வீட்டு அறையை நான் எதுக்குப் பூட்டணும்?" என்றாள்.

மறுநாள் ஈரத்துணியால் தூசியைத் துடைத்து, பெயின்ட்டில் தண்ணீர் கலந்து முதல் பூச்சு அடித்தாள். பிரஷ் சுவரில் படும்போதெல்லாம் உள்ளேயும் சளப்பென்று ஈர ஓசை. ஓடிவிடத்தான் கால் துடித்தது. ஆனால் பாதியில் விட்டால் திட்டுத் திட்டாகிவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடித்து முடித்தாள். காய்ந்த பிறகு பார்த்தால், சுவரில் ஒரு திட்டு இல்லை, ஒரு கோடு இல்லை.

"நீ இவ்வளவு நல்லா அடிச்சதே இல்ல," என்றான் டெஸ். அதைப் பாராட்டாக அவன் சொல்லவில்லை.

கடைசிப் பூச்சுக்காக மறுநாள் காலை டப்பாவைத் திறந்து கலக்கிக்கொண்டிருந்தாள். பிரஷ் இன்னும் காய்ந்தபடியே தரையில் கிடந்தது.

சுவரின் மேல்மூலையில் அது ஆரம்பித்தது.

மேலிருந்து கீழே, நிதானமாக, ஓர் இழுப்பு. பக்கத்தில் இன்னொன்று. பிறகு நின்றது. காத்திருப்பதுபோல் நின்றது.

"வந்துடு," என்று வாசலிலிருந்து டெஸ் கிசுகிசுத்தான். "நைரி, வந்துடு."

அவள் ஏணியில் ஏறினாள். அது தொடங்கிய இடத்திலேயே பிரஷ்ஷை வைத்து இழுத்தாள். உள்ளே அடுத்த இழுப்பு விழுந்தது. மதியம்வரை அது முன்னால் போனது. அவள் கொஞ்சம் பிந்திப் போனாள். ஏன் இறங்கி ஓடவில்லை என்று பிறகு டெஸ் கேட்டபோது அவள் பிரஷ்ஷைக் கழுவப் போனாள்.

அதன்பிறகு ஓசை வரவில்லை. ஊரில் யார் பார்த்தாலும் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்து மெச்சினார்கள். கட்டிலை அதையொட்டிப் போட மட்டும் இருவருக்கும் மனம் வரவில்லை.