நாற்பத்தோராவது பெட்டியின் பின்பலகை

பின்பலகையைக் கழற்றியதுமே வார்னிஷ் வாடை மூக்கில் ஏறியது. ஐம்பது அறுபது வருஷத்து வால்வு ரேடியோவுக்குள் வார்னிஷ் வாடை எங்கிருந்து வரும்? அவள் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தாள். எல்லாம் கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி பளபளவென்று இருந்தது. தூசி இல்லை, கம்பிகளை ஒட்டிய பழைய ஈயப்பற்று இல்லை. இடது பக்க மரத்தில் அம்மா பென்சிலால் எழுதியிருந்த மூன்று வரிகளும் இல்லை. அந்த இடத்தை யாரோ உப்புத்தாளால் தேய்த்திருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ. எல்லாம் அண்ணன் வேலைதான்.

"எப்படி இருக்கு?" என்று பின்னாலேயே வந்து நின்றான் அண்ணன். சலவைச் சட்டை, படிய வாரிய தலை. பதினோரு மணிக்கு அருங்காட்சியகத்திலிருந்து ஆள் வருகிறதல்லவா. "மெக்கானிக் ஒரு வாரம் உக்காந்து பண்ணாரு. புதுசு கெட்டுது போ."

"அம்மா எழுதினது எங்க?"

"எது, அந்தக் கிறுக்கலா? அதைப் போய் ஒருத்தர் கண்ணுல காட்ட முடியுமா?"

கிறுக்கலாம். அந்தக் காலத்தில் முன்னறையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் வாய் வலிக்கப் பேசியது அப்பா. உள்ளே சமையல்கட்டு மேடையில், ஒரு பக்கம் உலை கொதிக்க, மறு பக்கம் ஈயம் உருக்கும் பற்றுக்கோலைப் பிடித்துக்கொண்டு ரேடியோவுக்கு உயிர் கொடுத்தது அம்மா. ஊருக்கெல்லாம் அப்பாதான் மெக்கானிக். 'கைராசிக்காரர்' என்று யாராவது புகழ்ந்தால் அந்த மனுஷர் கூச்சமே இல்லாமல் தலையாட்டுவார். அம்மா ஒரு வார்த்தை மறுத்துச் சொன்னதில்லை. சரிசெய்த ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தேதியை எழுதி, எதை எடுத்தாள், எதைப் போட்டாள் என்று பென்சிலால் குறித்து வைப்பாள். அவ்வளவுதான் அவள் கேட்ட இடம், ஒரு சாண் மரம். அதையும் தேய்த்தாகிவிட்டது.

மகள் இவள் மட்டும் என்ன வாழ்ந்தாள்? ஆறு நாள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதித்துவிட்டு, ஏழு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணன் வீட்டில் இந்த அறைக்கு வந்திருக்கிறாள். நாற்பத்தாறு ரேடியோ. ஒவ்வொன்றையும் திறந்து, வால்வு எண்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, உள்ளே இருக்கும் உலோகத் தட்டில் கம்பெனி அடித்த ரக முத்திரையைத் தேடி, படம் எடுத்து, கார்டு எழுதியது அவள். இந்த ரேடியோக்களைப் பற்றிய புத்தகத்தின் அட்டை போன வாரம் அச்சாகி வந்தது. 'தேடி, அடையாளம் கண்டு, ஆவணப்படுத்தியவர்' என்று போட்டு, கீழே அண்ணன் பெயரும் படமும். படத்தில் பூதக்கண்ணாடியைக் கூடத் தலைகீழாகப் பிடித்திருந்தான். போகட்டும், கூடப் பிறந்தவன்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

ஆனால் இந்த நாற்பத்தோராவது பெட்டி அப்படி விடுகிற விஷயமில்லை. இது சாதாரண ஐந்து வால்வு ரேடியோ. வீட்டிலேயே பாடிக்கொண்டிருந்தது. அதன் பின்பலகையை எலி கடித்துவிட்டதென்று அம்மா வேறொரு உடைந்த ரேடியோவின் பலகையைப் போட்டாள். அந்தப் பலகையில் இருந்த எண்ணைத்தான் அண்ணன் பழைய கம்பெனிப் பட்டியலில் கண்டுபிடித்துக் குதித்தான். மொத்தமே நாற்பது செய்த அபூர்வ ரகமாம். பின்பலகையை நம்பாதே, அது எப்போது வேண்டுமானாலும் மாறியிருக்கும்: இந்த வேலையில் அவள் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. கார்டில் 'பின்பலகை வேறு' என்று தெளிவாக எழுதியிருந்தாள். அண்ணன் அதை அடித்துவிட்டு, அபூர்வ ரகத்தின் படத்தைக் கொடுத்து மெக்கானிக்கை விட்டு உள்ளே எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறான். அம்மா பொருத்திய வால்வு சாக்கெட் போயிற்று. உலோகத் தட்டின் முத்திரை மேல் வெள்ளிப் பெயின்ட்.

அவள் ரேடியோவின் சுவிட்சைப் போட்டாள். வால்வுகள் மெல்லச் சிவந்தன. அரை நிமிஷம் கழித்து ம்ம்ம் என்று ஒரே இரைச்சல், வேறொன்றும் வரவில்லை.

"போன மாசம் வரைக்கும் பாடிச்சு, அண்ணா."

"பாடினா என்ன, பாடலைன்னா என்ன. கண்ணாடிப் பெட்டிக்குள்ளதானே வைக்கப் போறாங்க." அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "இங்க பாரு. சாதா ரேடியோ அவங்ககிட்ட குவிஞ்சு கிடக்கு. இந்த ஒண்ணுக்காகத்தான் மத்த நாப்பத்தஞ்சையும் எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. தனி அறையே தராங்க. இல்லன்னா எனக்கப்புறம் இதெல்லாம் காயலான் கடைக்குத்தான். உன் ஏழு வருஷமும்தான். யோசிச்சுக்கோ."

அது பொய்யில்லை. அதனால்தான் இன்னும் எரிந்தது.

அண்ணன் புதிதாக டைப் அடித்த கார்டை அவள் முன்னால் மேஜையில் வைத்தான். நாற்பத்தோராம் எண். அபூர்வ ரகம், எல்லா பாகமும் அசல். அடியில் 'சரிபார்த்தவர்' என்று போட்டு அவள் பெயர் இருந்தது. நாற்பத்தாறு கார்டில், ஒரு முழுப் புத்தகத்தில், அவள் பெயர் வந்த ஒரே இடம்.

"சந்தோஷம்தானே? நீயும் கேட்டதில்ல, எனக்கும் தோணல. ஒரு கையெழுத்துப் போட்டுடு," என்று பேனாவை அவள் கையில் கொடுத்தான்.

"நாளைக்கு குட்டு வெளிப்பட்டா மாட்டிக்க ஒரு ஆள் வேணும். அதுக்கு மட்டும் தங்கச்சி."

"சே, என்ன பேச்சு இது."

வாசலில் மணி அடித்தது. அண்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினான். அருங்காட்சியகத்து அதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்ற மறந்து நேராக நாற்பத்தோராவது பெட்டிக்குப் போனார். அது இன்னும் இரைந்துகொண்டிருந்தது. கார்டை எடுத்துப் படித்தார்.

"சரிபார்த்தது யாரு?"

"நம்ம தங்கச்சிதான்," என்றான் அண்ணன், ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, பெருமையோடு.

அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. பேனாவை மூடி மேஜை மேல் வைத்தாள். தரையில் கிடந்த பின்பலகையைத் தூக்கிப் பெட்டியின் முதுகில் பொருத்தி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். பலகையில் ஒவ்வொரு ஓரத்திலும் இரண்டு ஓட்டை. தொழிற்சாலையில் போட்டவை வட்டமாக, சுத்தமாக இருந்தன. அரை அங்குலம் தள்ளி இருந்தவை அம்மா கைத்துளைப்பானால் போட்டவை, கொஞ்சம் கோணல். பெட்டியின் திருகுக் குழிகள் அந்தக் கோணல் ஓட்டைகளுக்கு நேராகத்தான் இருந்தன. தேய்த்தவர்களுக்கும் பெயின்ட் அடித்தவர்களுக்கும் ஓட்டையை அடைக்கத் தோன்றவில்லை.

"கம்பெனி போட்ட ஓட்டையில பேனா முனையை விட்டுப் பாருங்கம்மா. இது இந்தப் பெட்டியோட பலகைன்னா பின்னால திருகுக் குழி இருக்கணும்," என்றாள்.

"ஏய்," என்றான் அண்ணன்.

அந்த அம்மாள் கார்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, மேஜை மேல் இருந்த பேனாவைத் திறந்து, குனிந்து, அதன் முனையை வட்டமான ஓட்டைக்குள் விட்டார். பேனா முனை, அந்தப் பக்கம், திருகே ஏறியிராத முழு மரத்தில் போய் முட்டி நின்றது.