சக்கரம் எழும்பிவிட்டால்

பின்சக்கரம் இரண்டும் தரையை விட்டு ஒரு சாண் எழும்பிய பிறகுதான் மச்சான் கத்தினான். "மாமா, நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்க மாமா!"

இழுவை வண்டியின் ஓட்டுநர் கொக்கியார், விசையிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பக்கக் கண்ணாடியில் பார்த்தார். கண் மருத்துவமனை வாசலில், சக்கர நாற்காலிகள் ஏறி இறங்கப் போட்டிருந்த சரிவுப் பாதையை அடைத்து நின்ற அந்த வெள்ளைக் கார், இப்போது பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு மூக்கைச் சுவரில் முட்டக் கொடுத்து நின்றது. சுவருக்கும் காருக்கும் நடுவே பூனை நுழையும் இடம்தான் இருந்தது. அதற்குள் எப்படியோ தலையை விட்டு முன்கண்ணாடியைப் பார்த்த மச்சான், தலையை வெளியே எடுக்கவும் மறந்து போயிருந்தான்.

"என்னடா, உள்ளே குழந்தை கிழந்தை தூங்குதா?"

"குழந்தையா இருந்தா எழுப்பி மிட்டாய் வாங்கிக் குடுத்துடலாமே மாமா. பலகை இருக்கு!"

இழுவை வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பலகை என்றால் ஒரே பலகைதான். 'காவல்' என்று சிவப்பு எழுத்தில் எழுதி முன்கண்ணாடியோரம் சாய்த்து வைத்திருப்பார்களே, அது. எந்த வண்டியை மாட்டுவதற்கு முன்னாலும் ஓடிப்போய் முன்பக்கம் பார்த்துவிட்டு வருவதுதான் மச்சானுடைய முதல் வேலை. பலகை இருந்தால் அந்த வண்டி இவர்கள் கண்ணுக்கே தெரியாது. நட்டநடு ரோட்டில் நின்றாலும் சரி, தீயணைப்பு நிலைய வாசலில் குறுக்கே கிடந்தாலும் சரி, அதைச் சுற்றிக்கொண்டு போய், அடுத்து நிற்கிற ஏமாந்த சோணகிரியின் வண்டியை மாட்டுவார்கள். இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நீச்சல் மாதிரி, வேலையில் விழுந்ததும் தானாக வந்துவிட்டது. இன்றைக்கு மூக்கு சுவரோடு ஒட்டி இருந்ததாலும், சரிவின் மேல்முனையில் நாற்காலியோடு நின்ற செவிலியம்மா "எவ்வளவு நேரம்ங்க ஒரு பேஷண்டை இப்படி நிறுத்தி வைக்கறது?" என்று பிடிபிடியென்று பிடித்ததாலும், மச்சான் பின்பக்கத்தைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டான்.

"யாரு வண்டிடா?"

"நம்ம இன்ஸ்பெக்டர் புதுசா வாங்கினாரே, அதான். தொப்பிகூட உள்ளேயே இருக்கு. போச்சு, எல்லாம் போச்சு."

இந்த வட்டாரத்தில் யார் வண்டி இழுக்கலாம், யார் இழுக்கக் கூடாது என்று கையெழுத்துப் போடுகிறவரே அந்த இன்ஸ்பெக்டர்தான். அவருடைய பழைய காரை ஞாயிற்றுக்கிழமைதோறும் மச்சான் சும்மாவே கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒரு வாரம் காய்ச்சலென்று போகாததற்கு, மறுவாரம் இரண்டு தடவை கழுவ வைத்தார். அப்பேர்ப்பட்ட மனிதர்.

"இறக்கிடுங்க மாமா. இறக்கிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிடலாம். அவரு எங்கேயோ உள்ளே இருக்காரு, பாக்கல."

இறக்கலாம்தான். விசையை இந்தப் பக்கம் தள்ளினால் இறங்கிவிடும். ஆனால் இழுவை வண்டியின் பின்புறத்தில், ஆள் உயரத்துக்கு மஞ்சள் எழுத்தில், 'சக்கரம் எழும்பிய பின் வண்டி இறக்கப்பட மாட்டாது' என்று எழுதியிருந்தது. எழுத வைத்தவர் அதே இன்ஸ்பெக்டர்தான். தெருவிலேயே பேரம் பேசி இறக்கிவிடுகிறார்கள் என்று புகார் வந்தபோது அவர் போட்ட சட்டம் அது. அழுதாலும் புரண்டாலும், கல்யாண ஊர்வலமாக இருந்தாலும், எழும்பிவிட்டால் எழும்பினதுதான்.

போன மாதம் அந்தக் கொக்கியில் தொங்கியது கொக்கியாரின் சொந்த மகளுடைய ஸ்கூட்டர். அவள் வேலை பார்க்கிற மருந்துக் கடை வாசலில், கோட்டுக்கு ஒரு முழம் வெளியே நின்றிருந்தது. வார் போட்டுத் தூக்கிய பிறகுதான் கைப்பிடியில் கட்டியிருந்த பச்சை நாடாவைப் பார்த்து அவருக்கு அடையாளம் தெரிந்தது. மகள் மருந்து மடித்த காகிதத்தோடு ஓடி வந்தாள். அன்றைக்கென்று பார்த்து இன்ஸ்பெக்டரும் அங்கே நின்றிருந்தார். "பெத்த பொண்ணா இருந்தா என்னய்யா? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்!" என்று சிரித்து, கொக்கியாரின் முதுகில் ஓங்கித் தட்டினார். கொக்கியாரும் சிரித்துவைத்து, இழுத்துக்கொண்டு போனார். அதைக்கூட மகள் மன்னித்திருப்பாள். அன்று மாலையே அதே கடை வாசலில், அதே கோட்டுக்கு வெளியே, பலகை வைத்த ஒரு கார் முழுசாக நின்றது. அப்பாவின் வண்டி அதைச் சுற்றிக்கொண்டு நழுவிப் போனதை அவள் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதோடு பேச்சு நின்றது. "அம்மா, உப்பை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லு அவரை" என்பாள், அவர் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு. அபராதம் கட்டி, இழுத்த வண்டிகளை நிறுத்தும் யார்டிலிருந்து ஸ்கூட்டரை எடுக்கவும் மாட்டேன் என்றுவிட்டாள். "பலகை வெச்ச கார் ஒண்ணு அந்த யார்டுக்குள்ள வரட்டும். அன்னிக்கு நானே வந்து கட்டறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, தினமும் கடைக்கு நடந்து போனாள். அம்மாவோ இரண்டு பக்கமும் பார்த்து, "மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம். இது என்ன புதுசா?" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

"என்ன, பெரிய இடத்து வண்டியா? இறக்கப் போறீங்களாக்கும்?" என்றாள் செவிலியம்மா, மேலிருந்து. அவள் பிடித்திருந்த நாற்காலியில் இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் முகத்தைச் சத்தம் வந்த பக்கம் திருப்பி, "வண்டியை எடுத்துட்டாங்களாம்மா? போலாமா?" என்று சந்தோஷமாகக் கேட்டார்.

கொக்கியார் ஒன்றும் வீரர் இல்லை. பல்லியைப் பார்த்தாலே மனைவியைக் கூப்பிடுகிறவர். ஆனால் இந்த ஒரு மாதமாக உப்புக்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

"போலாம் ஐயா, போலாம்," என்றார் சத்தமாக. பிறகு மச்சானிடம், "ஏறுடா," என்றார்.

"மாமா, வேலியில போற ஓணானை எடுத்து..."

"எடுத்தாச்சு. மடியிலயும் விட்டாச்சு. ஏறு."

காரை இழுத்துக்கொண்டு கிளம்பியதும் மச்சான், கொக்கியாரின் மனைவியான தன் அக்காவுக்குப் போன் போட்டு, கிட்டத்தட்ட உயில் எழுதுகிற குரலில் விஷயத்தைச் சொன்னான். இவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. இன்ஸ்பெக்டர் மருத்துவமனைக்குப் பக்கத்துச் சலூனில் தலைக்கு டை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காற்றாட வெளியே வந்து பார்த்தால் கார் இல்லை. தன் காரை ஒருவன் இழுத்துப் போவான் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை. கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து, கார் திருட்டுப் போய்விட்டது, எல்லாச் சாலையையும் மறியுங்கள் என்று கத்தினார்.

ஆகவே கொக்கியார் பாலத்தடிக்கு வந்தபோது, அங்கே தடுப்பு வைத்து ஒவ்வொரு காராக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். மச்சான் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஒரு போலீஸ்காரர் ஓடி வந்து வண்டியின் கதவைத் தட்டினார். "யோவ் கொக்கி, நீ வேற நேரங்கெட்ட நேரத்துல! இன்ஸ்பெக்டர் காரை எவனோ திருடிட்டான், நாங்க அவதிப்பட்டுட்டு இருக்கோம். வழியை அடைக்காமச் சீக்கிரம் போய்யா!" என்று தடுப்பை விலக்கி, பின்னால் தொங்கிய காருக்கும் சேர்த்துக் கையசைத்து அனுப்பினார். கொக்கியார் தெரு முனை திரும்பும் வரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். திரும்பியதும் மச்சானுக்கே சிரிப்பு வந்துவிட்டது, அழுகையோடு கலந்து.

யார்டில் எப்போதும் போல வரிசை நின்றது. இழுத்து வரப்பட்ட வண்டிகளின் சொந்தக்காரர்கள், கடுகடுவென்ற முகத்தோடு, கம்பி போட்ட ஜன்னலுக்கு முன்னால். ஜன்னலுக்குள் ரசீது அக்கா இருந்தாள். அவளும் போலீஸ்தான். ஆனால் அவளுக்கு மேலதிகாரி பயம் கிடையாது, தணிக்கைக்கு வருகிறவர்கள் பயம் மட்டுமே உண்டு. கொக்கியார் காரைக் கொக்கியிலிருந்து இறக்கி ஓரமாக நிறுத்தினார். வரிசையில் நின்றவர்களில் யாரோ முன்கண்ணாடியைப் பார்த்து, "அடேங்கப்பா, பலகை!" என்றதும் கடுகடுத்த முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று. ஒருவர் தன் முறை வந்தும் கட்டாமல், "நீங்க போங்க, எனக்கு அவசரமில்ல" என்று பின்னால் இருந்தவருக்கு வழிவிட்டார்.

கார் யார்டில் நிற்கும் செய்தி எப்படியோ காதுக்கு எட்டி, இன்ஸ்பெக்டர் வந்து இறங்கியது ஒரு போலீஸ்காரரின் மோட்டார் சைக்கிளில். கழுத்தில் சலூன் துண்டு. தலை முழுக்கக் கருப்பாகக் குழைத்து அப்பிய மை. அதன்மேல் தலைக்கவசம் போட முடியாது என்பதால் வெறும் தலை. நெற்றியில் ஒரு கோடு வழிந்து புருவத்தை எட்டியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க எல்லோரும் படாதபாடு பட்டார்கள்.

அடக்கி வைத்திருந்த சிரிப்பும் சட்டென்று போய்விட்டது, அவர் நேராகப் போய் மச்சானின் சட்டைக் காலரைப் பிடித்தபோது. "திருட்டுப் பயலே! போலீஸ் வண்டியையே தூக்குவியா? இவனை உள்ளே போடுய்யா. ரெண்டு பேர் மேலயும் திருட்டுக் கேஸ் எழுது!" கூட வந்த போலீஸ்காரர் மச்சானின் கையைப் பின்னால் முறுக்கினார். மச்சான் வலியில் குனிந்தான்.

கொக்கியார் ஓடிவந்து குறுக்கே நின்றார். பயத்தில் ஆரம்பித்தது கோபமாகத்தான் வாயில் வந்தது. "அவனை விடுங்க சார். ஓட்டினது நான். சக்கரம் எழும்பிடுச்சு, இறக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுத வெச்சீங்க? எம் பொண்ணு வண்டிக்கு ஒரு சட்டம், உங்க வண்டிக்கு ஒரு சட்டமா?"

"எனக்கே சட்டம் பேசறியா? நாளைக்கு நீ இந்த வண்டியைத் தொடறதைப் பாத்துடறேன்!"

"சார்," என்றாள் ரசீது அக்கா, ஜன்னலுக்குள்ளிருந்து, தலையைத் தூக்காமல். "எது எழுதணும், சொல்லிடுங்க. திருட்டுன்னு நீங்களே கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லியிருக்கீங்க, பதிவாயிருக்கு. திருட்டு வண்டின்னா அது சாட்சிப் பொருள். கோர்ட்டு சொல்ற வரைக்கும் யார்டை விட்டு நகர முடியாது. எடுத்த இடம் எதுன்னு கேப்பாங்க. நடக்க முடியாதவங்க பாதைன்னு எழுதணும். நோ பார்க்கிங்னா, ஃபைன் கட்டினா இப்பவே எடுத்துட்டுப் போலாம். எது சார்?"

அதற்குள் இன்ஸ்பெக்டருக்கு இன்னொரு தொந்தரவு. டையைக் கழுவ வேண்டிய நேரம் தாண்டிவிட்டது போலிருக்கிறது. கை தானாகத் தலையைச் சொறியப் போய், விரலெல்லாம் கருப்பானது. "தலை எரியுதுய்யா," என்றார் யாரிடமோ, பரிதாபமாக. பிறகு மச்சானைப் பிடித்திருந்தவரைப் பார்த்துக் கையை உதறினார். மச்சான் விடுபட்டு, கொக்கியாரின் பின்னால் வந்து ஒண்டிக்கொண்டான்.

"நோ பார்க்கிங்னே போடு. சீக்கிரம்," என்று இன்ஸ்பெக்டர் ஜன்னலுக்குள் கையை நீட்டினார்.

"சார், லைன்ல நின்னு வாங்க."

சொன்னது ரசீது அக்கா இல்லை. வரிசையின் கடைசியில், மருந்துக் கடைச் சீருடையோடு, ஓடி வந்த மூச்சு அடங்காமல், கையில் தலைக்கவசத்தோடு நின்ற பெண். கொக்கியாருக்கு அது யாரென்று குரலிலேயே தெரிந்தது. ஆனாலும் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. வரிசையில் மற்றவர்கள் ஒருவரோடொருவர் நெருங்கி, இடைவெளியை அடைத்துக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். மை இன்னொரு கோடாகக் காதோரம் இறங்கியது. கடைசியில் அவர் நடந்து போய் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நின்றார்.

அப்புறம் நடந்ததெல்லாம் சாதாரணம்தான். மகள் அபராதம் கட்டினாள். அடுத்து வந்த இன்ஸ்பெக்டர் குனிந்து கையெழுத்துப் போடும்போது ரசீதின்மேல் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. "கறை பட்டா செல்லாது சார், வேற எழுதணும்," என்றாள் ரசீது அக்கா, நிதானமாக அடுத்த தாளைப் புரட்டி.

மகள் மூலையில் கிடந்த ஸ்கூட்டரின் தூசியைத் துடைத்தாள். உதைத்தாள். அது இருமியது. மறுபடி உதைத்தாள். கொக்கியார் தள்ளியே நின்றார். நாளைக்கு வண்டி கையில் இருக்குமா, வேலை இருக்குமா, ஒன்றும் தெரியவில்லை. மச்சான் தோளைத் தேய்த்துக்கொண்டே இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்பா," என்றாள் மகள், திரும்பாமல். "ஸ்டார்ட் ஆகல. கொஞ்சம் தள்ளி விடேன்."

கொக்கியார் ஓடினார். தொப்பை குலுங்க, செருப்பு ஒன்று கழன்று பின்தங்க, யார்டின் நீளத்துக்கும் தள்ளினார். வாசலருகே ஸ்கூட்டர் உயிர் பிடித்துப் புகையைக் கக்கியது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு பின் இருக்கையில் கையை வைத்து, ஏறுவதற்குக் காலைத் தூக்கினார்.

"ஹெல்மெட் ஒண்ணுதான்ப்பா இருக்கு," என்றாள் அவள். தலைக்கவசத்தின் வாரை மாட்டிக்கொண்டபோது அவள் கன்னம் சிரிப்பில் உப்பியிருந்தது. "நீ நடந்து வா."

தூக்கிய காலைக் கொக்கியார் கீழே வைத்தார். அவள் வண்டியை நடை வேகத்துக்குக் குறைத்தாள். ஒரு காலில் செருப்போடு, ஸ்கூட்டரின் கைப்பிடியில் ஆடிய பச்சை நாடாவுக்குப் பக்கத்தில், அவர் தெருவோரமாக நடந்து போனார்.