முனகாமல் உட்கார்ந்தவர்

சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அசோக்குமார் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தார். சாய்ந்தால் இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை சுரீரென்று இழுக்கும். கோச்சடையில் ஒரு மாடியில் இருந்த அந்த மனநல மையத்துக்குக் காலையிலேயே வரச் சொன்னவர்கள், மதியம் ஆகியும் உள்ளே கூப்பிடவில்லை.

"வலிக்குதா?" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி பாண்டீஸ்வரி.

"இம்புட்டுப் பேரு இருக்காக. சும்மா இரு."

நாலு பேர் இருக்கும் இடத்தில் முனகக் கூடாது என்று கிளம்பும்போது அவள்தான் சொல்லியிருந்தாள். திருவாதவூரில் அவர்கள் வீட்டுப் பழக்கம் அது. பெரிய இடத்துக்குப் போனால் சவரம் செய்து, இஸ்திரிச் சட்டை போட்டுப் போக வேண்டும். யார் கேட்டாலும் முதலில் நல்லா இருக்கோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் வேலை பார்த்த கிரானைட் பட்டறையில் பலகைக்கல் சரிந்தபோது, பக்கத்தில் நின்று வேலை செய்த பேயாண்டி அடியில் சிக்கிச் செத்துப்போனான். அசோக்குமார் இடுப்பில் அடியோடு தப்பினார். எலும்பு கூடிவிட்டதாக ஸ்கேன் சொன்னது. வலி போகவில்லை. கல் அறுக்கும் சத்தம் கேட்டால் கை நடுங்கியது. அவர் இருக்கும்போது பாண்டீஸ்வரி மிக்ஸிகூடப் போடுவதில்லை. ஸ்கேனில் தெரியாத வலியையும் பயத்தையும் மனநல நிபுணர் உண்மை என்று சொன்னால்தான் காப்பீட்டுக் கம்பெனி மாதாமாதம் பணம் தரும். இல்லையென்றால் மறுபடியும் அந்தப் பட்டறைதான். நிபுணருக்குப் பணம் கொடுப்பதும் அதே கம்பெனிதான்.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள்.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார் நிபுணரான அந்த அம்மாள்.

"நல்லா இருக்கேன் மேடம்." அசோக்குமார் கும்பிட்டுச் சிரித்தார்.

"தூக்கம்?"

"அது வர்றப்ப வருமுங்க."

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. சிரித்த முகம், சுத்தமான உடை, அரை நாள் அசையாமல் உட்கார்ந்திருந்தார், பாதிப்பு எதுவும் தெரியவில்லை. வேண்டுமானால் இன்னொரு தடவை வரலாம்.

கூட வேலை பார்த்த ஆண்டிச்சாமி தலையில் அடித்துக்கொண்டான். "அங்க போயி புது மாப்பிள்ள கணக்கா உக்காந்திருந்தா எவண்ணே குடுப்பான்? வலிச்சா வலிக்குதுன்னு காட்டுண்ணே."

இரண்டாம் முறை அசோக்குமார் சவரம் செய்யாமல் போனார். வலி வந்தபோது அடக்காமல் முனகினார். உள்ளே பேயாண்டியைப் பற்றிக் கேட்டதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை பொண்டாட்டி முன்னால்கூட அவர் அப்படி அழுததில்லை.

அந்த அம்மாள் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். "போன தடவை இதெல்லாம் இல்லையே. நடுவுல யாராவது ஏதும் சொன்னாங்களா?"

அசோக்குமாருக்குப் பொய் சொல்ல வராது. "ஆண்டிச்சாமி சொன்னான் மேடம், வலிச்சா மறைக்காதன்னு."

"ஓ, சரி." கனிவாகத்தான் சொன்னார். கை மட்டும் கம்ப்யூட்டரில் வேகமாக ஓடியது.

"மேடம், நெசமாவே வலிக்குதுங்க" என்றாள் கூடவே உள்ளே வந்திருந்த பாண்டீஸ்வரி.

"புரியுதும்மா. வேலைக்குப் போனா மனசு தன்னால சரியாயிரும். அப்படித்தான் எழுதியிருக்கேன்."

பாண்டீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அம்மாள்மேல் பாதி. முதல் நாள் சட்டையைத் தேய்த்துக் கொடுத்த தன்மேல் பாதி.

இருவரும் வெளியே வந்ததும் காத்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அசோக்குமார் துண்டின் நுனியை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். திருப்பத்தில் கால் மடங்கியது. பாண்டீஸ்வரி தாங்கிக்கொண்டாள்.

"மொனங்குங்க. இங்க ஒருத்தரும் எழுதல."

அவர் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார். கண்ணில் நீர் வழிந்தது. கீழே தெருவுக்கு வந்து சேரும்வரை வாயிலிருந்து துண்டை எடுக்கவில்லை.