நாற்பது லென்ஸில் மூட்டம்

"போச்சு! நாற்பது மடங்கு லென்ஸ் போச்சு. எல்லாம் பனிமூட்டமா தெரியுது" என்றார் டாக்டர் ரோஹிணி, மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே.

சிந்து கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு அருகே வந்தாள். துவாரகாவில் இருந்த அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவள் டெக்னீஷியனாகச் சேர்ந்து அன்றோடு மூன்று மாதம். சாயங்காலம் டாக்டர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் சொந்த ஊர் விருதுநகருக்கு ரயில்தான்.

"நேத்து இதைத் துடைச்சு மூடினது நீங்கதானே?"

"ஆமா மேடம். அஞ்சு மணிக்கு. அப்போ நல்லாத்தான் இருந்துச்சு."

"கீறிட்டீங்களோ என்னவோ. ஆரிப் பையாவை வரச் சொல்லியாச்சு. எடுத்துட்டுப் போனா நாலு நாள் ஆகும். இந்தக் காய்ச்சல் சீசன்ல!"

மெஷின் ரிப்பேர் செய்யும் ஆரிப் அண்ணன் மதியம்தான் வருவார். அதற்குள் பதினோரு பேருடைய ஸ்லைடு பார்க்க வேண்டும்.

"மேடம், ரெண்டே நிமிஷம் நான் பார்க்கட்டா?"

"அச்சா, பாருங்க. ஆனா இன்னும் கெடுத்துடாதீங்க."

சிந்து உட்கார்ந்தாள். கண் வைத்துப் பார்க்கும் லென்ஸைத் திருகினாள். மூட்டம் சுழலவில்லை, அழுக்கு அங்கே இல்லை. ஸ்லைடை நகர்த்தினாள். மூட்டம் நகரவில்லை, ஸ்லைடிலும் இல்லை. பத்து லென்ஸுக்கு மாற்றினாள், பளிச்சென்று இருந்தது. கோளாறு நாற்பதின் நுனியில்தான்.

அதைக் கழற்றி, கண் லென்ஸைத் தலைகீழாகப் பிடித்துப் பூதக்கண்ணாடி போல வைத்துப் பார்த்தாள். நுனியில் எண்ணெய்ப் படலம் மினுமினுத்தது. கீறல் ஒன்றுகூட இல்லை.

படம் தெளிவாகத் தெரிய ஸ்லைடில் விடும் அந்த எண்ணெய் நூறு மடங்கு லென்ஸுக்கு மட்டும்தான். நாற்பதில் படவே கூடாது. மைக்ராஸ்கோப்பின் மேடைமேல் டாக்டர் காலையில் பார்த்த மலேரியா ஸ்லைடு இன்னும் இருந்தது, நடுவில் ஒரு சொட்டு எண்ணெயோடு.

யார் வேலை என்று சிந்துவுக்குப் புரிந்துவிட்டது. ரப்பர் பல்பால் தூசியை ஊதினாள். லென்ஸ் காகிதத்தை மடித்து, துடைக்கும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு நனைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மெல்லத் துடைத்தாள். புதுக் காகிதம், மறுபடி ஒருமுறை. லென்ஸை மாட்டி, எண்ணெய் ஸ்லைடை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, எண்ணெய் படாத பழைய ஸ்லைடு ஒன்றை வைத்தாள்.

"பாருங்க மேடம்."

டாக்டர் குனிந்தார். "அரே வாஹ்! ஊசி முனை மாதிரி இருக்கே! என்னதான் இருந்துச்சு?"

"எண்ணெய், மேடம்."

"எண்ணெயா? நேத்து நீங்க நூறு லென்ஸ் போட்டீங்களா?"

"இல்ல மேடம். நேத்து நூறைத் தொடவே இல்ல."

டாக்டரின் பார்வை மலேரியா ஸ்லைடுக்குப் போனது. அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"காலைல நூறுல பார்த்துட்டு, 'இன்னொரு தடவை இடத்தைத் தேடலாம்'னு பின்னாடி நாற்பதுக்குத் திருப்பினேன். எண்ணெயைத் துடைக்கவே இல்ல! ஸ்டூடன்ட்ஸ் இதைச் செஞ்சா நான் கிழிச்சுத் தோரணம் கட்டுவேன்."

சிந்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"சிரிங்க, பரவாயில்ல" என்று டாக்டர் போனை எடுத்தார். "ஆரிப் பையா, வர வேண்டாம். லென்ஸ் கெடல. நான்தான் எண்ணெய்ல முக்கிட்டேன்."

அந்தப் பக்கம் ஆரிப் சிரித்தது சிந்துவுக்கே கேட்டது.

போனை வைத்ததும் டாக்டர் கை நீட்டினார். "உங்க லெட்டர் எங்கே? சாயங்காலம் வரைக்கும் எதுக்கு?"

சரசரவென்று கையெழுத்து விழுந்தது.

"ஒரு கண்டிஷன். இனிமே எண்ணெய் போட்டுட்டு நான் பின்னாடி திருப்பினா, என் கையைப் பிடிச்சு இழுத்துடணும்."

"கண்டிப்பா இழுத்துடறேன், மேடம்!" என்ற சிந்து, முதல் காய்ச்சல் ஸ்லைடை எடுத்து மேடையில் வைத்தாள்.