தெரியாத மாதிரி இருந்த வாரம்

அந்த ஒரு வாரத்தில் சர்ஜனின் இரண்டு கைகளும் மணிக்கட்டிலிருந்து விரல்நுனிவரை ஐந்து வயதுக் குழந்தையின் கைகளாகச் சுருங்கிப் போயின. வலி இல்லை, வீக்கம் இல்லை. ஆஸ்பத்திரியில் இதைப் பற்றி இரண்டு நாள் பேசினார்கள், பிறகு லிஃப்ட் ஓடாததைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டில் அவர் மனைவி ஒன்றும் கேட்காமல் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். அவள் கேட்காததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

விஷயம் இதுதான். உதட்டுப் பிளவோடு பிறக்கும் குழந்தைகளுக்குத் தைத்துச் சரிசெய்யக் கற்றுக்கொடுக்க வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. அந்த வேலை தெரிந்த ஆள் இல்லாத ஆஸ்பத்திரிக்குத்தான் வருவார்கள். போகும்போது மயக்க மருந்து கொடுக்கும் புது மெஷின் ஒன்றையும் விட்டுவிட்டுப் போவார்கள். இங்கிருந்த பழைய மெஷின் பாதி ஆபரேஷனில் தானே மூச்சு வாங்கும் ரகம். சர்ஜனோ பல வருடமாக உதடு தைக்கிறவர், கண்ணைக் கட்டிவிட்டாலும் தைப்பார். சூப்பிரண்டெண்ட் கதவைச் சாத்திவிட்டு அவரை உட்காரவைத்தார். "ஒரே ஒரு வாரம் தெரியாத மாதிரி இருங்க சார். மெஷின் வந்துரும். யாருக்கு என்ன நஷ்டம்?" சர்ஜன் தலையாட்டினார்.

நன்றாகவே நடித்தார். முடிச்சைத் தப்பாகப் போட்டார், ஊசியைக் கோணலாகப் பிடித்தார். சொல்லிக்கொடுக்க வந்த நரைத்த தலை அம்மாள் கோபமே வராத மனுஷி. இவருடைய மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். ஒரு தையல் சரியாக விழுந்ததும் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டார். கொஞ்சம் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒவ்வொரு சாயங்காலமும் சர்ஜன் கடிகாரப் பட்டையை இன்னும் இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது.

கடைசி நாள் வார்டில் ஒருத்தி கைக்குழந்தையோடு நேராக அவரிடம் வந்தாள். "பெரியவனுக்கு நீங்கதானே தச்சு விட்டீங்க டாக்டர். இவளுக்கும் நீங்களே பண்ணிருங்க. வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்."

வெளிநாட்டு அம்மாள் என்னவென்று கேட்டார். சர்ஜன், பக்கத்தில் நின்ற சூப்பிரண்டெண்டின் முகத்தைப் பார்த்தார். "இவங்க யாருன்னே தெரியல. ஆள் மாறி வந்திருக்காங்க" என்று இரண்டு மொழியிலும் சொன்னார். அவள் குழந்தையின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு போய்விட்டாள். கடிகாரம் கழன்று தரையில் விழுந்தது.

மெஷின் வந்தது, நன்றாக ஓடியது. அதற்கு முன்னால் நிற்கத்தான் அவருக்குக் கூசியது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, விலாசம் விசாரித்து அவள் வீட்டுக்கே போனார். வாசலில் நின்றபடியே, "அன்னிக்குப் பொய் சொன்னேம்மா. பெரியவனுக்குத் தச்சது நான்தான்" என்றார்.

"அது எனக்குத் தெரியாதா? எங்களைத் தெரியாதுன்னுதானே நீங்க சொன்னீங்க."

சர்ஜன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் சுற்றி வந்து பார்த்தாள்.

"இதை வச்சுத் தைக்க முடியுமா?"

"நேரமாகும். ஆனா தைப்பேன்."

வேறு போக்கிடம் இல்லாமல்தான் அவள் குழந்தையைக் கொடுத்தாள், மன்னித்து அல்ல. உதடு நன்றாகச் சேர்ந்தது. கைகள் வளரவில்லை. கையுறையின் விரல்நுனிகளை மடித்து நூலால் கட்டிவிட நர்ஸ்கள் பழகிக்கொண்டார்கள். "சின்னக்கை டாக்டர் எந்த ரூம்?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள், வாட்ச்மேன் வழி காட்டுகிறார்.