மீனுக்கு வாங்கிய ஈரல்

செத்த மீன் நாற்றத்தில் இரண்டு வகை உண்டு. ஏரிக்கரை வெயிலில் காயும் மீனின் நாற்றம் ஒன்று, அது பசியைக் கிளப்பும். கண்ணாடித் தொட்டியின் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறிக்கிடக்கும் மீனுடையது இன்னொன்று, அது காலையில் தின்ற சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தொண்டை வரைக்கும் திருப்பிக் கொண்டுவரும். கலோங்கா வீட்டுக் கேட்டைத் திறந்ததும் என் முகத்தில் அடித்தது இரண்டாவது. அதை மறைக்க யாரோ ரோஜா வாசனை ஸ்பிரே வேறு அடித்திருந்தார்கள். பிணத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி இருந்தது.

மலாவி நாட்டுத் தலைநகர் லிலோங்வேயில் பெரிய வீட்டுக்காரர்கள் என்னை மீன் டாக்டர் என்று கூப்பிடுவார்கள். பாதி கிண்டல். அதற்கு முன் ஒன்பது வருடம் மலாவி ஏரியின் செங்கா விரிகுடாவில் முங்கி, வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் பாறைமீன்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீருக்கடியில் ஒரு நாளும் எனக்கு அருவருப்பு வந்ததில்லை. அருவருப்பெல்லாம் இந்த ஊர் வரவேற்பறைகளில்தான்.

கலோங்கா லாரி முதலாளி. வருடத்தில் பாதி நாள் துறைமுகம் துறைமுகமாக அலைந்தவர். இதய டாக்டர் மிரட்டியதால் மூன்று வாரமாக வீட்டோடு இருந்தார். கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாய்யா மீன் டாக்டரே. இருபத்திரண்டு மீன்ல பதினொண்ணு போச்சு. நீ வெச்சுக் குடுத்த தொட்டிதானே இது?"

"எப்போலருந்து ஐயா சாகுது?"

"மூணு வாரமா. இத்தனைக்கும் நானே என் கையால தீனி போடுறேன். முன்னாடி அந்த எனெலெசிதான் போடுவா. 'இனிமே நான் பாத்துக்கிறேன், கிண்ணத்தைக் குடு'ன்னு கேட்டேன். அவ முகத்தைப் பாக்கணுமே, தொங்கிப்போச்சு. அன்னைக்குப் புடிச்சுத்தான் மீன் சாகுது. இதுக்கு மேல என்னய்யா சாட்சி வேணும்?"

எனெலெசி அந்த வீட்டுச் சமையல்காரி. புருஷன் இல்லை. மூன்று பிள்ளைகளோடு பின்னாடி ஒற்றை அறையில் குடியிருந்தாள்.

"சனிக்கிழமை என் மக கல்யாணம் பேச மாப்பிள்ளையோட மாமன்மார் வர்றாங்க. பொணம் மிதக்குற தொட்டியவா காட்டச் சொல்ற? அவ என்ன விஷம் போட்டான்னு கண்டுபிடி. கண்டுபிடிச்ச நிமிஷம் அவளும் புள்ளைங்களும் ரூமைக் காலி பண்ணணும். இன்னைக்கே."

தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் பழைய தேநீர் நிறத்தில் இருந்தது. ஏரியில் நீலக் கீற்றுகளாகப் பாயும் மீன்கள், வயிறு புடைத்து, மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டுக்குப் பின்னால் வெள்ளை நூல் போல மலம் தொங்கியது. பாறைக்குப் பின்னால் கையை விட்டேன். அவர் கணக்கில் வராத பன்னிரண்டாவது மீன் கிடைத்தது. எடுக்கும்போதே தோல் கழன்று என் விரல் இடுக்கில் வழிந்தது.

"என்ன ஐயா போடுறீங்க?"

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்துக் காட்டினார். துண்டு போட்ட மாட்டு ஈரல். ரத்தம் கட்டி, பளபளவென்று இருந்தது.

"தினமும் அரைக் கிலோ. நேத்து வெட்டின மாடு."

"இதுங்க பாறைப்பாசியச் சுரண்டித் தின்னுற சாதி ஐயா. தொட்டி வெச்ச அன்னைக்கே சொன்னேன். கறி ஆகாது, வயிறு உப்பிரும்னு."

"பாசியா?" சிரித்தார். "கலோங்கா வீட்டுல யாரும் வெறும் பச்சிலையத் தின்னு வாழ்ந்ததில்லய்யா. ரெண்டு வருஷமா இந்த ஈரலத் தின்னுதான் மினுமினுன்னு இருந்துச்சுங்க. ஒண்ணு செத்ததா?"

உண்மையில் இந்த இரண்டு வருடமும் எனக்கு அது பெரிய குடைச்சலாக இருந்தது. ஈரல் தின்ற பாறைமீன் ஆறு மாதம் தாங்கினால் அதிகம். இவர் வீட்டு மீன்கள் மட்டும் என் ஒன்பது வருடப் பாடத்தையும் பொய்யாக்கிக்கொண்டு கொழுத்துக் கிடந்தன.

வடிகட்டிப் பெட்டியைக் கழற்றினேன். வாரா வாரம் அதைக் கழுவுவது எனெலெசியின் வேலை. மூன்று வாரமாக அவளைத் தொட விடவில்லையாம். மூடியைத் திறந்ததும் முட்டை அழுகிய நாற்றம் எழும்பியது. கலோங்கா நான்கு எட்டு பின்னால் போனார். பஞ்சு முழுக்கப் பழுப்பு நிறச் சளி, அதில் நூல் நூலாக வெள்ளை. பாதி கரைந்த ஈரல் அது. இதைத் தினமும் தண்ணீரில் கொட்டிவிட்டு விஷம் தேடுகிறார் மனிதர். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

பெட்டியையும், அவர் சாட்சிக்காகப் பேப்பரில் சுற்றி வைத்திருந்த, அன்று காலை செத்த மீனையும் எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனேன். அவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். போன் அடிக்கவும், "பாத்து வை, வர்றேன்" என்று முன்பக்கம் நடந்தார்.

சமையலறைப் படியில் எனெலெசி பூசணி இலையை நார் உரித்துக்கொண்டிருந்தாள். நான் மீனின் வயிற்றைக் கீறினேன். மஞ்சள் தண்ணீர் பீறிட்டு என் சட்டையில் தெறித்தது. குடலுக்குள் ஈரல் செரிக்காமல் சாம்பல் நிறக் களியாக அடைத்திருந்தது. எத்தனையோ மீன் அறுத்தவன் நான். அன்றைக்கு எழுந்துபோய் இரண்டு தடவை ஓங்கரித்துவிட்டு வந்தேன்.

பிறகு வடிகட்டிப் பெட்டியை ஒரு தட்டில் கவிழ்த்தேன். மேலே பழுப்புச் சளி. அடியில், மூன்று வாரம் முந்தைய படிவில், கொத்தாகப் பச்சை நார். மீனால் மெல்ல முடியாத இலை நரம்புகள். தட்டைப் பார்த்தேன். எனெலெசியின் மடியைப் பார்த்தேன். அங்கேயும் அதே நார்தான் குவிந்திருந்தது.

அவள் தலை நிமிராமலே கேட்டாள். "பாத்துட்டியா அண்ணே?"

"பாத்தேன்."

"போய்ச் சொல்லப்போறியா?"

"முதல்ல எங்கிட்ட நீ சொல்லு."

நாரைக் கீழே போட்டாள். "என் கடைசிப் பொண்ணு காய்ச்சல்ல கிடந்து எந்திரிச்சா. ஒடம்புல ரத்தமே இல்லன்னாங்க ஆஸ்பத்திரியில. ஈரல் குடும்மான்னாங்க. ஈரல் இந்த வீட்டுல தினமும் வருது அண்ணே, மீனுக்கு. கிண்ணத்தை எடுத்துக்கிட்டுத் தொட்டிகிட்டப் போனேன். கொட்ட என் கை வரல. எங்க களிக்குத் தொட்டுக்க வெச்சிருந்த கீரைய அதுல போட்டேன். ஈரலப் புள்ளைங்களுக்கு ஆக்கினேன். அன்னைக்கு ஆரம்பிச்சது."

"ரெண்டு வருஷமாவா?"

"ரெண்டு வருஷமா. ஐயா ஊர்ல இல்லாதப்ப முழுசா. இருக்கறப்ப அவரு தூங்கின பெறகு. திருட்டுத்தான். ஆனா மீனக் கேட்டுப் பாரு, மாத்திக்கிட்டோம்னுதான் சொல்லும்."

சிரிப்பு வந்துவிட்டது. "கீரையில உப்புப் போட்டியா?"

"மீனுக்கு எதுக்கு உப்பு? ஏரித்தண்ணியில உப்பா இருக்கு?"

"இங்க எல்லாரும் கீரையில தூவுற வேர்க்கடலைப் பொடி?"

"ஆமா, தாளிச்சும் குடுத்தேன்! என் புள்ளைக்கே கடலைப்பொடி கிடைக்கல, போண்ணே."

இரண்டு வருடக் குடைச்சல் தீர்ந்தது. உப்பில்லாமல் வெந்த பூசணி இலை. பாறைமீனுக்கு இதைவிட நல்ல தீனியை நானே சொல்லியிருக்க முடியாது. அந்தத் தொட்டிக்கு உண்மையான டாக்டர் இவள்தான்.

தட்டை மறைக்க நேரமில்லை. கலோங்கா போனை அணைத்துவிட்டுப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"என்னது அது பச்சையா? தொட்டிக்குள்ளருந்தா வந்துச்சு?" அவர் கண் என் தட்டிலிருந்து அவள் மடிக்குப் போனது. "நான் சொன்னேன்ல? களை! விஷக்களையப் போட்டுருக்கா! ஏய், எந்திரி. மூட்டையக் கட்டு."

எனெலெசி எழுந்து நின்றாள். அறை வாசலில் மூன்று பிள்ளைகளும் வந்து நின்றன. எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. கீரைதான் மீனைக் காப்பாற்றியது என்று சொன்னால், 'அப்படியானால் என் ஈரல் எங்கே போனது?' என்று கேட்பார். சொல்லாவிட்டால் விஷம் வைத்தவள் என்று துரத்துவார்.

தட்டைத் தூக்கி அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். "மோந்து பாருங்க ஐயா."

"தூரப் போய்யா!"

"இந்தப் பழுப்பு உங்க ஈரல். மீன் வயித்துல செரிக்காம அழுகினது. இந்தப் பச்சை, அந்த ஈரலோட சேத்து இவ போட்ட கீரை. கறி தின்னா கீரையும் தின்னணும், அப்பத்தான் வயிறு இறங்கும். உங்க இதய டாக்டர் உங்களுக்கு என்ன சொன்னாரு?"

"அதேதான் சொன்னான், மடையன்."

"ரெண்டு வருஷமா இவ ரெண்டையும் போட்டா. மீன் நல்லா இருந்துச்சு. நீங்க வந்ததும் கீரை நின்னுபோச்சு. மீன் செத்துச்சு. அவ்வளவுதான் ஐயா விஷயம்."

அவர் எனெலெசியை முறைத்தார். "இதை ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கிண்ணத்தைத்தான் கேட்டீங்க ஐயா," என்றாள். "கீரையக் கேக்கலியே."

கலோங்கா யோசித்தார். அவருக்குத் தன் மேல் தப்பு என்று தோன்றும் முன்பே அது வேறு யார் மேலாவது போய் உட்கார்ந்துவிடும். இப்போது கறிக்கடைக்காரன் மேல் போய் உட்கார்ந்தது.

"கெட்ட ஈரலா குடுத்திருக்கான் அந்தப் பய. சரி விடு. இவ இருக்கட்டும். ஈரல நாளையிலருந்து நிறுத்திடுறேன். இவளே அந்தக் கீரையப் போடட்டும்."

எனெலெசியின் முகம் தொங்கியது. அவர் வாசலில் வைத்துச் சொன்ன அதே தொங்கல். மூன்று வாரமாகப் பிள்ளைகள் மறுபடி வெறும் கீரை தின்றுகொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. நான் கற்ற வித்தை முழுக்க, சரி ஐயா நிறுத்துங்கள் என்று சொல்லச் சொன்னது. மீனுக்கு அதுதான் நல்லது. நான் வாயைத் திறந்து பொய் சொன்னேன்.

"வெறும் கீரையா? சனிக்கிழமை மாமன்மார், 'மீனுக்கு என்ன தீனி?'ன்னு கேட்டா, கீரைன்னா சொல்லப்போறீங்க?"

அது சரியான இடத்தில் தைத்தது. "பின்ன என்னய்யா பண்ண?"

"ஈரல் வழக்கம்போல வரட்டும். பச்சையாப் போடக் கூடாது, வேக வைக்கணும். அந்தத் தண்ணியில கீரைய ஒரு முக்கு முக்கிப் போட்டா ஈரலோட சாரமெல்லாம் மீனுக்குப் போயிரும்."

"வெந்த ஈரல்?"

"அது சக்கை. அதைத் தொட்டியில போட்டா மறுபடி இதான்." தட்டை இன்னொரு முறை நீட்டினேன்.

"எடு அதை!" கைக்குட்டைக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. "எனெலெசி, அந்தக் கர்மத்தை என் வீட்டுல ஒரு நிமிஷம் வைக்கக் கூடாது. நாய்க்கும் போடாத, நாயும் உப்பிச் சாகும். உன் கையாலயே தினமும் எங்கயாவது கொண்டுபோய்த் தொலைச்சிரு. என் கண்ணுல படக் கூடாது."

"சரிங்க ஐயா," என்றாள் எனெலெசி.

அவர் உள்ளே போனதும் கேட்டாள். "அந்தத் தண்ணியில கீரைய முக்கணுமா அண்ணே?"

"முக்கிராதம்மா தாயே. மீன் செத்துரும்."

"அப்போ அந்தத் தண்ணிய நாங்களே குடிச்சுக்கிறோம்."

மூன்று நாள் மீன்களைப் பட்டினி போடச் சொன்னேன். பாதித் தண்ணீரை மாற்றினேன். பத்து மீன் மிச்சம், அதில் ஏழு மீனாவது பிழைக்கும். அவள் கொடுத்த சவர்க்காரத்தில் நான்கு முறை கை கழுவியும் விரலில் நாற்றம் போகவில்லை. உள்ளே கலோங்கா யாருக்கோ போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

"ஈரல் சாரம்பா! வெறும் ஈரலெல்லாம் இல்ல, சாரம் எடுத்துப் போடுறோம்! சனிக்கிழமை வந்து பாரு!"

செம்பருத்திச் செடியோரம் போய்க் காறித் துப்பினேன். கடைசிப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கால் இரண்டும் குச்சிகளாக இருந்தன.

ஜன்னலைத் திறந்து கலோங்கா கேட்டார். "யோவ் டாக்டரே, சாரம் எடுக்க அரைக் கிலோ போதுமா?"

"பத்தாது ஐயா," என்றேன். "ஒரு கிலோவா வாங்குங்க."