தாமானைப் பிடித்தவன்

பாய்க்கப்பலை உடைத்து விறகாக விற்ற பிறகும் அதன் கயிறு ஒன்று அவனது வலது கையிலேயே இருந்தது. பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறு அது. கப்பலை நடத்திய தண்டல் ஒரு புயலில், "தாமானை இழுத்துப் பிடி! நான் சொல்றதுக்கு முன்னாடி விட்டே, தொலைஞ்சே!" என்று கத்தினார். அவன் பிடித்தான். பிடித்தபடியே, "காத்து எந்தப் பக்கம்னு தெரியாதவனெல்லாம் தண்டல்" என்று முணுமுணுத்தான். தண்டலுக்குப் பாம்புக் காது. புயல் அடங்கி, பாய்களை இறக்கிச் சுருட்டி, நங்கூரமும் போட்டாயிற்று. அவர் மட்டும் "விடு" என்று சொல்லாமலே கரையிறங்கிப் போய்விட்டார். கப்பலில் ஆணையிட்டவர் வாயால்தான் அந்த ஆணை தீரவேண்டும். எனவே அவன் விரல்கள் திறக்கவில்லை. கயிற்றோடு வீட்டுக்கு வந்தான்.

மறுநாள் பார்த்தால், கயிற்றின் மறுமுனை அவன் ஜன்னலைத் தாண்டி, தெருவைக் கடந்து, எதிர்வீட்டு உத்தரத்துக்குள் போய் மறைந்திருந்தது. எதிர்வீடு தண்டலுடையது. தபால்காரர் குனிந்து போகப் பழகினார், லாரிகள் சுற்றிப் போயின. முதல் பருவக்காற்றில் அவன் சற்றுக் கண்ணயர்ந்து கை தளர, தண்டலின் வீடு அடித்தளத்தோடு ஒரு முழம் நகர்ந்து சாக்கடையை அடைத்துக்கொண்டது. "விடு" என்றால் வீடு போய்விடும் என்று தண்டலுக்கு அன்றே விளங்கியது. வாயைப் பூட்டிக்கொண்டார்.

அவன் மனைவி அரிவாளால் வெட்டிப் பார்த்தாள், அரிவாள்தான் மழுங்கியது. பிறகு தரை துடைத்த கந்தல்களை எல்லாம் கயிற்றின் அந்தக் கோடியில், தண்டல் வாசலுக்கு நேராகக் காயப்போட்டு, "என் வயித்தெரிச்சல் உன்னைச் சும்மா விடாதுய்யா!" என்று தினமும் ஒரு பாட்டம் திட்டிவிட்டு வருவாள்.

மகள் பிறந்தபோது அவன் வெட்கத்தை விட்டு ஜன்னலிலிருந்து கெஞ்சினான். "ஒரே ஒரு வார்த்தைங்க. கொழந்தைய ரெண்டு கையாலயும் தூக்கணும்."

"காத்து எந்தப் பக்கம்னு தெரிஞ்சவன் நீதானே? அதுகிட்ட கேட்டுக்க" என்று கதவைச் சாத்தினார் தண்டல்.

மகள் வளர்ந்தாள். "எல்லா அப்பாவும் தூக்கிச் சுத்துறாங்க" என்று அழுவாள். அப்போதெல்லாம் அவன் தண்டலை மனதார வெறுத்தான். பல் துலக்குவதுபோல நாள் தவறாமல் வெறுத்தான்.

வருடங்கள் போயின. தண்டல் படுக்கையில் விழுந்தார். மகன்கள் இருவரும் வந்து, கட்டிலைத் தாண்டித் தாண்டி வீட்டை அளந்தார்கள். குறுக்குச் சுவரை எங்கே எழுப்புவது என்று அடித்துக்கொண்டார்கள். பாம்புக் காது எல்லாவற்றையும் கேட்டது. தண்டல் எழுந்து உட்கார்ந்து, தெரு அதிர, "தாமானை விடு!" என்று கத்தினார். இரக்கமெல்லாம் ஒன்றுமில்லை. மகன்கள் மேலிருந்த ஆத்திரம் அவன் மேலிருந்ததை மிஞ்சிவிட்டது, அவ்வளவுதான்.

விரல்கள் திறந்தன. வீடு, தண்டலோடும் அளவு நாடா பிடித்த மகன்களோடும், தெருமுனையில் திரும்பிக் கடலுக்குள் போனது. கந்தல்களும் கூடப் போயின. மனைவிக்கு அதில்தான் வருத்தம். தபால்காரர் இன்றும் அந்த இடத்தில் குனிந்துதான் போகிறார்.

அவன் தெருவில் இறங்கி மகளை இரண்டு கையாலும் தூக்கினான். அவளுக்குக் கல்யாண வயது.

"ஐயோ அப்பா, எல்லாரும் பாக்கறாங்க. விடுப்பா!"

அவன் விடவில்லை.